திரும்பி வரவைத்த மிட்டாய்

கஃப்ர் ஸுவைலத்திலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும், வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்கு முன் தஸூக்கியின் மிட்டாய்க் கடையில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். பட்டாளத்துக்குப் போகிற பையன், படிக்கப் போகிறவன், மஹல்லாவில் பருத்தி ஆலை வேலைக்குப் போகிறவன், எல்லோரும்தான். அவர்களாக நிற்பதில்லை, தாய்மார்கள் சட்டையைப் பிடித்து நிறுத்துவார்கள். முதல் நாளே அந்தத் தாய் வந்து மகன் பெயரையும் தன் பெயரையும் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். தஸூக்கி பாகு காய்ச்சும்போது அந்த இரண்டு பெயர்களையும் முணுமுணுத்து, மூன்று தடவை சட்டிக்குள் ஊதி, எள்ளைக் கொட்டிக் கிளறுவார். மறுநாள் நகக்கண் அளவு துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்.

"இங்கேயே வாயில போடு. முழுங்கிட்டுத்தான் கிளம்பணும்."

அதைத் தின்றவன் எங்கே போனாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊர் வந்து சேர்ந்துவிடுவான். அவர் கையில் இருந்த வித்தை அவ்வளவுதான். மழையை வரவழைக்கத் தெரியாது, நோயைத் தீர்க்கத் தெரியாது, ஜின்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. குண்டு பட்டால் அவருடைய மிட்டாய் ஒன்றும் செய்யாது என்பதைக் கால்வாய்க்கரைப் போர் நடந்த வருஷங்களில் நாலு வீடுகளில் அழுதுகொண்டே தெரிந்துகொண்டார்கள். கால்களை இழுக்கும், அவ்வளவுதான்.

பள்ளிவாசல் இமாம் ஷேக் ரிள்வானுக்கு இதெல்லாம் பிடிக்காது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் சூனியத்தைப் பற்றி வரும்போதெல்லாம் அவர் பார்வை தஸூக்கி உட்கார்ந்திருக்கும் தூண் பக்கமே போகும். ஆனால் அவர் மகன் கெய்ரோவுக்குப் படிக்கக் கிளம்பிய வாரம், அவர் மனைவி கடையின் பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஷேக்குக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தஸூக்கி.

"அவருதான் சொன்னாரு, பின்வாசலா போன்னு."

இந்த வித்தை அவருக்குப் பதினைந்து வயதில் தற்செயலாகத் தெரியவந்தது. வீட்டில் ஒரு கழுதை இருந்தது. அதை விற்பதென்று அப்பா முடிவு செய்த அன்று, தஸூக்கி அழுதுகொண்டே பாகு கிண்டினார். கழுதையின் பெயர் வாயில் வந்தது, மூச்சு சட்டியில் விழுந்தது. அந்தப் பாகில் செய்த மிட்டாயில் ஒரு கட்டியை அதன் வாயில் திணித்து வழியனுப்பினார். வாங்கிக்கொண்டு போனவர் மூன்று முறை வந்து கழுதையை இழுத்துக்கொண்டு போனார், மூன்று முறையும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றது. நாலாவது முறை அவர் தஸூக்கியின் அப்பாவுடைய ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுப் போனார். அந்தக் கோடையில் அப்பா பழைய அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்டினார். இடித்த அன்றே கழுதை வாலை ஆட்டிக்கொண்டு வயல் பக்கம் போனது, பிறகு வரவே இல்லை. தின்றவர்களை இழுப்பது பாகு காய்ச்சிய அடுப்பு என்பதும், அடுப்பு போனால் இழுப்பும் போய்விடும் என்பதும் பையனுக்குப் புரிந்தன. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே தங்கை, ஸனிய்யா. பதினைந்து வயது இளையவள். அம்மா அவளைப் பெற்றுப் போட்டதோடு போய்விட்டாள், அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் போனார். அதன்பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டது, ஜுரத்தில் நெற்றியில் வினிகர்த் துணி போட்டது, பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தது எல்லாம் தஸூக்கிதான். தனக்குப் பெண் பேச வந்தவர்களிடம், "இவளுக்கு முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் பேச வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, பள்ளிவாசல் கதவைப் பழுது பார்க்க தும்யாத்திலிருந்து ஒரு தச்சன் வந்தான். மஹ்ரூஸ் என்று பெயர். ஒரு மாத வேலையை இரண்டு மாதம் இழுத்தான். தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்து கொண்டைக்கடலை மிட்டாய் வாங்குவான்.

"பல்லெல்லாம் கொட்டிப்போயிடும் தம்பி" என்றார் தஸூக்கி ஒரு நாள்.

"கொட்டினா மரத்துல செஞ்சு மாட்டிக்குவேன், அண்ணே."

உள்ளேயிருந்து ஸனிய்யா சிரித்தது கேட்டது. மஹ்ரூஸ் அன்றைக்கு மிட்டாயை மறந்து கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போனான். அப்போதே தஸூக்கிக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல பையன். விசாரித்த இடத்திலெல்லாம் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் முடிந்து தும்யாத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஸனிய்யாவே வந்து சொன்னாள்: "அண்ணே, எனக்கும் உன் மிட்டாய் ஒண்ணு செஞ்சு குடு. பெருநாளைக்கு நான் வராம இருந்துடக் கூடாது."

தஸூக்கி தனியாக அடுப்பைப் பற்றவைத்தார். பெயர்களைச் சொன்னார். மூன்று தடவை ஊதினார். பிறகும் ஊதினார். எத்தனை தடவை என்று அவர் எண்ணவில்லை. நகக்கண் அளவு வெட்டவேண்டியதை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மேலே பிஸ்தா தூவி, அழகாக மடித்தார். கை தவறிவிட்டது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பத்து வயதிலிருந்து பாகு ஊற்றுகிற கை அப்படித் தவறாது.

"இவ்வளவா?" என்றாள் ஸனிய்யா.

"கல்யாணப் பொண்ணாச்சே. முழுசையும் சாப்பிடு."

அவள் பாலத்தில் நின்று முழுசையும் சாப்பிட்டாள். விரலையும் நக்கினாள்.

நாற்பது நாள் கூட ஆகவில்லை, ஒரு மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றாள். கூட யாரும் இல்லை. செருப்பில் ஒன்று அறுந்திருந்தது.

"என்னம்மா, சண்டையா?"

"இல்லண்ணே. அவரு தங்கமானவரு. மாமியார்கூட நல்லவங்க." சொல்லிக்கொண்டே நேராக உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. "என்னன்னு சொல்லத் தெரியல. அடுப்புல பால வெச்சுட்டு வெளிய வந்துட்டா எப்படி இருக்கும்? அப்படியே இருக்கு. ராத்திரி பகல் எல்லாம். இங்க வந்தாத்தான் அடங்குது."

தஸூக்கி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். பயம் இருந்தது, அதற்குக் கீழே சந்தோஷமும் இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரைக்காய் சமைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மஹ்ரூஸ் மூன்று முறை வந்தான். முதல் முறை சிரித்துக்கொண்டே வந்து அழைத்துப் போனான். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டாள். இரண்டாவது முறை மன்சூராவில் வைத்தியரிடம் காட்டினான். வைத்தியர் ஊசி போட்டு, ரத்தம் குறைவு என்று சொன்னார். மூன்றாவது முறை ரயில் நிலையம் வரைக்கும்தான் போக முடிந்தது. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் அவள் நடைமேடையில் மடங்கி உட்கார்ந்து, கல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பல் கிட்டிவிட்டது. வண்டி நின்றது, போனது. மஹ்ரூஸ் அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து படுக்க வைத்தான். பிறகு வெளியே வந்து தஸூக்கிக்கு எதிரில் நின்றான்.

"மச்சான், நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்க சொன்னா திருத்திக்கிறேன். அவளுக்கு எங்கிட்ட என்ன புடிக்கல?"

கடப்பாரை கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. அடுப்பு பத்தடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. தஸூக்கி சொன்னது இவ்வளவுதான்: "அல்லா நாடினா சரியாயிடும், மாப்பிள்ளை."

ஒரு வருஷம் கழித்துத் தலாக் ஆனது. ஸனிய்யாதான் கேட்டாள். அவன் வாழ்க்கையும் வீணாகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

ஊர் சும்மா இருக்குமா? முடிதிருத்தும் ஷலபியின் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்குள் யாருக்கும் முழுக் கதையும் கிடைத்துவிடும். தச்சன் அவளை உளிப்பிடியால் அடித்தானாம், சோறு போடாமல் அறையில் பூட்டினானாம், ரயிலடியில் அவள் நடுங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். "அவரு என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல" என்று ஸனிய்யா வாய்க்காலில் துணி துவைக்கும்போது சொன்னாள். பெண்கள் அவளை அணைத்துக்கொண்டார்கள். "பாரு, இப்பக்கூடப் புருஷனை விட்டுக்குடுக்க மாட்டேங்குறா, பாவி மக" என்று இன்னும் அதிகமாக நம்பினார்கள்.

ஷலபி ஒரு நாள் தஸூக்கியின் தாடையில் சோப்பு தடவிக்கொண்டே கேட்டான்: "ஏன் அண்ணே, நிஜமாவே அடிச்சானா?"

சோப்பு நுரை வாயோரம் இருந்தது. தஸூக்கி கண்ணை மூடிக்கொண்டார். ஷலபிக்கு அது போதுமாக இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் போயிற்று. ஸனிய்யா கடையின் பின்கட்டில் இருந்துகொண்டு மிட்டாய்க்கு எள் புடைத்தாள், நபி பிறந்தநாள் பண்டிகைக்குச் சர்க்கரைப் பொம்மைகளை அச்சில் வார்த்து, அவற்றின் முதுகில் வண்ணக் காகித விசிறி ஒட்டினாள். அவள் கை ஓட்டத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, யாரிடமும் சொல்லாமல், பையில் ஒரு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவாள். பல் கிட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவாள். தன் மூளையில் ஏதோ கோளாறு என்று நம்பினாள். அண்ணன் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று அவர் கையைப் பிடித்து முத்தமிடுவாள். அந்தச் சமயங்களில் தஸூக்கிக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருக்கும். வெட்டவேண்டியது கையை அல்ல, அடுப்பை என்பதும் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. உம்மு ஷஹாத்தாவின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான், இப்போது இடித்தால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது? அவன் வந்ததும் இன்னொருத்தி வந்து நிற்பாள். சண்டை முடியட்டும் என்றார். சண்டை முடிந்தது. மஹ்ரூஸுக்கு மறுகல்யாணம் ஆகிவிட்டது, இனி இடித்துத்தான் என்ன பயன் என்றார். பாகைக் கிண்டிக்கொண்டே இந்தக் காரணங்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பார். எல்லாமே சரியாகத்தான் இருக்கும். தூக்கம்தான் வராது.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பகலில், பொம்மைகள் பலகையில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், கடை முன்னால் ஒரு நரைத்த மனிதன் வந்து நின்றான். தோளில் மரத்தூள். தஸூக்கிக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"அஸ்ஸலாமு அலைக்கும், தஸூக்கி. மச்சான்னு கூப்பிட எனக்கு உரிமை இல்ல."

"உக்காரு மஹ்ரூஸ்."

"உக்கார வரல. என் மூத்த பொண்ணுக்கு மித் நவ்வார்ல ஒரு இடம் அமைஞ்சுது. பையன் வாத்தியார். ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. பையனோட அப்பா என் முதல் கல்யாணத்தைப் பத்தி விசாரிக்க உங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்காரு. உங்க ஊர் ஆளு முடி வெட்டிக்கிட்டே சொல்லியிருக்கான், நான் பொண்டாட்டிய உளிப்பிடியால அடிச்சவன்னு. சம்பந்தம் வேணாம்னுட்டாங்க." அவன் குரல் ஏறவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "என் பொண்ணு என்னைப் பார்த்துக் கேட்டா, 'வாப்பா, அந்த அம்மாவை நீங்க அடிச்சீங்களா?'ன்னு. நீங்க அவளோட அண்ணன். உங்க ஒரு வார்த்தை போதும். வந்து சொல்லுங்க."

பின்கட்டுத் திரை விலகியது. ஸனிய்யா விரலில் பசையோடு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் வந்து சொல்றேன்" என்றாள் ஸனிய்யா. "எனக்குத்தான் புத்தி கோளாறு, அவரு மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் சொல்றேன். ரயில்ல ஏற முடியாது. நடந்தாவது வரேன்."

தஸூக்கி எள் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். "நான்தான் உன்னை இழுத்துக் கட்டி வெச்சேன். அன்னிக்குப் பாலத்துல உனக்குக் குடுத்தது நகக்கண் அளவு இல்ல. தெரிஞ்சேதான் குடுத்தேன். நீ போயிடுவேன்னு பயந்து குடுத்தேன்."

வெளியே யாரோ எருமையை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இதை அவுக்க வழி இல்லையா?" என்று கேட்டாள் ஸனிய்யா.

"இருக்கு. இந்த அடுப்பை இடிச்சாப் போதும்."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "பதினஞ்சு வயசுலேருந்து" என்றார்.

ஸனிய்யா விரலில் இருந்த பசையை முக்காட்டு நுனியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நான் பைத்தியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இருபத்திரண்டு வருஷம். உன் கையைப் புடிச்சு முத்தம் குடுத்தேனே. அப்பக்கூட உனக்கு வாய் வரலையா?"

"வரல."

"இடி."

அவர் கடப்பாரையை எடுத்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. முதல் அடி செங்கல்லில் வழுக்கியது. மஹ்ரூஸ் உதவ முன்னால் வந்தான், ஸனிய்யா கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் ஒருவராகவே இடித்தார். சாம்பலும் கரியும் சரிந்து, பாகுச் சட்டி உருண்டு, காய்ந்துகொண்டிருந்த பொம்மைகள் மேல் புகை படிந்தது. கடைசி வரிசைச் செங்கல் விழுந்தபோது ஸனிய்யா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"போயிடுச்சு" என்றாள் மெதுவாக. பிறகு குப்புற விழுந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை அவள் ரயிலடியில்கூட அழுததில்லை.

மஹ்ரூஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கடப்பாரைய எடுத்திருப்பேனே, மச்சான்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தஸூக்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் தஸூக்கி அவனோடு மித் நவ்வாருக்குப் போனார். வாத்தியாரின் அப்பா மரியாதையாக வரவேற்று, தேநீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. "வருத்தமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா போன வியாழக்கிழமையே பையனுக்கு வேற இடத்துல ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிட்டோம்." திரும்பும் வழியில் மஹ்ரூஸ் ரயில் நிலையத்தில் சலாம் சொல்லிவிட்டு ஏறிப் போனான். அதற்குப் பிறகு தஸூக்கி அவனைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தஸூக்கி படியில் நின்று உரக்கச் சொன்னார்: தச்சன் அடிக்கவில்லை, தங்கையைக் கட்டி வைத்தது தான்தான், வாயை மூடிக்கொண்டிருந்ததும் தான்தான், அடுப்பை இடித்தாயிற்று, இனி அந்த மிட்டாய் கிடையாது. ஷேக் ரிள்வான் தன் மகனை நினைத்தாரோ என்னவோ, அவருக்குத்தான் முதலில் முகம் வெளுத்தது. ஒருத்தர் காறித் துப்பினார். ஷலபி முன்னால் வந்தான்.

"அப்போ நான் முப்பது வருஷமா இந்த ஊரை விட்டுப் போகாம கெடக்குறதும் உங்க மிட்டாயாலதானா?"

"உனக்கு நான் குடுத்ததே இல்ல, ஷலபி. நீ சோம்பேறி."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு உன் நாற்காலியில உக்காந்து நான் வாயத் தொறந்திருந்தா உன் வாய் மூடியிருக்கும். அது என் தப்பு. ஆனா இனிமேலாவது மூடு."

அடுத்த சில மாதங்களில் ஊரிலிருந்து ஒன்பது பேர் போனார்கள், லிபியாவுக்கும் ஈராக்குக்கும். அவர்களில் மூன்று பேர் பெருநாளைக்கும் வரவில்லை. தாய்மார்கள் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். உம்மு ஷஹாத்தா மட்டும் வந்து, அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்து, "உன் தங்கச்சிய விடுறதுக்கு என் புள்ளையையும் சேத்து விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் எண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கினார். மிட்டாய் செய்தார். பாகின் பக்கம் குனியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கிண்டினார்.

ஸனிய்யா அடுப்பு இடிந்த மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். வாசலில் பையோடு நின்றபோது அவர் வாய் தானாக, "எப்ப வருவே?" என்று கேட்டது.

"தெரியலண்ணே. இத்தனை வருஷம் அதை நான் முடிவு பண்ணினதில்லையே."

டான்டாவில் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகத் தெரிந்தது. அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாளாம், இரண்டு விதவைகளோடு ஒரே அறையில் இருக்கிறாளாம். ஒரு தடவை தும்யாத் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாளாம். மஹ்ரூஸின் வீட்டுப் பக்கம் போகவில்லையாம். இதெல்லாம் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ரமளானும் பெருநாட்களும் வந்து போயின. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பார்ப்பதை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

இரண்டு வருஷமும் சில மாதமும் கழித்து, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். அவர் தேநீர் போட்டு, பழக்கத்தில் ஒரு தட்டில் கடலை மிட்டாய் எடுத்து வைத்தார். அவள் தேநீரைக் குடித்தாள். தட்டைத் தொடவில்லை.

"வெறும் மிட்டாய்தாம்மா. ஒண்ணும் இல்ல அதுல."

"தெரியும்ணே."

அவர் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். தையற்கூடத்தைப் பற்றிக் கேட்டார். கூட இருக்கும் விதவைகளில் ஒருத்தி ராத்திரியில் பாடுவாள், தூங்கவிடமாட்டாள் என்று சொல்லி அவள் சிரித்தாள். நாலு மணி வண்டிக்கு எழுந்தாள். பாலம் வரைக்கும் கூட நடந்தார். வெயில் கடுமையாக இருந்தது.

"நீ திரும்பு, முழங்கால் வலிக்கும்" என்றாள்.

"மன்னிச்சிட்டியாம்மா?"

அவள் கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்தாள். "வந்தேன்ல" என்றாள். "இன்னிக்கு அவ்வளவுதாண்ணே என்னால முடிஞ்சுது."

பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தாள். அவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் பருத்தி வயலைத் தாண்டி மறையும்வரை நின்றார்.